புழக்கடையில் ஒரு புதுச் சேவல்



பிழைப்பை நாடித் திருவனந்தபுரத்தில் வந்து குடியேறிய நம்மவர், வாடகை வீடேயானாலும் புழக்கடையில் சிறிது இடம் கிடைத்துவிட்டால் ஒரு முருங்கைக் கொம்பை நட்டுவிடுவர். அடுத்தபடியாக நான்கு கோழிகளை வாங்கி விடுவர். ஊரிலே பாட்டிமார் பஞ்சாரம் கவிழ்த்துக் கோழி வளர்த்ததை நாம் மறந்துவிடவில்லை. ஆனால் அக்காலத்தில் எழாத கேள்வி ஒன்று இன்று எழுகின்றது: “இத்தனை தீனி போட்டும் இவ்வளவுதானா முட்டை?”

கேள்வி நியாயமானதே. நாட்டுக்கோழி ஆண்டொன்றுக்கு 60 முதல் 80 முட்டைகளே இடும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடையில் அமர்ந்துவிடும். 21 நாள் அடை. பின்னர்க் குஞ்சுகளைப் பேணச் சில வாரங்கள். அதுவரை முட்டை இல்லை. இத்தாலிய வழிவந்த வெள்ளை லெகார்ன் கோழியோ 280 முட்டைக்கு மேலும் இடவல்லது. ஆஸ்திரேலியாவில் 1922-23ஆம் ஆண்டுப் போட்டியில் ஆஸ்திரலார்ப் இனத்துப் பெட்டைகள் ஆறு, 365 நாளில் 1,857 முட்டைகள் இட்டு உலகை வியக்கவைத்தன.

இவ்விரு இனங்களையும் கலந்து, கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் மண்ணுத்தியில் உருவாக்கியதே ‘கிராமலட்சுமி’. புழக்கடையிலேயே 180 முதல் 200 முட்டைகள் வரை இடக்கூடியது. ஐதராபாத்தில் வாழும் நேயர்கள் ‘வனராஜா’, ‘கிராமப்பிரியா’ ஆகியவற்றையும், பெங்களூர் நேயர்கள் ‘கிரிராஜா’வையும் அறிந்திருப்பர். இவையெல்லாம் கொல்லையில் மேய்ந்து திரிவதற்கென்றே அமைந்த இனங்கள்.

அப்படியாயின் நாட்டுக்கோழியை மறந்துவிடலாமா? கூடாது என்பதை நாம் பட்டறிந்தே உணர்ந்தோம். கலப்பினக் குஞ்சுகள் ஆறு வாங்கினோம். முட்டைகள் வீடு நிறைந்தன. அவற்றைக் கொண்டே குஞ்சு பொரிக்கலாம் என்று காத்திருந்தோம். ஒரு பெட்டையும் அடைக்கு அமரவில்லை. அண்டை வீட்டு நாட்டுக்கோழியை இரவல் வாங்கி அடைவைத்தோம். பொரித்த குஞ்சுகளோ ஒன்றுபோல் ஒன்றில்லை. தாயைப்போல் இட்டது ஒன்று. பாதிகூட இடாதவை மூன்று. போதாக்குறைக்கு வெண்ணிறப் பறவைகள் இரண்டு பருந்தின் கண்ணுக்குத் தப்பவில்லை.

இதன் காரணம் எளிது. இடைவிடாது முட்டையிடும் இனம் வேண்டித் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்தபோது, அடைகாக்கும் இயல்பு பெரிதும் நீங்கிவிட்டது. மேலும், வேறுபட்ட இரண்டு இனங்கள் கலக்கும்போது பிறக்கும் கலப்பு வீரியம் முதல் தலைமுறையிலேயே முழுமையாக விளங்கும். அக்குஞ்சுகளையே தம்முள் இணைத்தால் அடுத்த தலைமுறையில் பண்புகள் பலவாறாகச் சிதறும். ஆதலின் கலப்பினப் பெட்டை முட்டைக்கு, சேவல் இறைச்சிக்கு. வமிசம் பெருக்குவதற்கு அவை அல்ல.

இனி, நாம் வாழும் இவ்வூருக்கே உரிய செல்வம் ஒன்றைப் பார்ப்போம். கழுத்தில் இறகில்லாத கோழியைக் கண்டு சிறுவர் நகைப்பர். நோய்ப்பட்டதென்று ஒதுக்குவோரும் உண்டு. அது நோயன்று, பிறவிப்பண்பு. இந்தியாவில் இம்மொட்டைக் கழுத்துக் கோழியின் இயல்பான வாழிடம் திருவனந்தபுரம் மாவட்டமே என நூல்கள் குறிக்கின்றன. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். கடற்கரையின் ஈரக்காற்றில் இவ்வாறு இரைப்பதனால் விளையும் பயன் குறைவு. இறகற்ற கழுத்தோ உடலின் சூட்டை நேரே வெளியேற்றுகின்றது. இப்பண்பைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற கோழிக்கு, மற்றக் கோழிகளைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு இறகு குறைவு. இறகுக்குச் செலவாகும் புரதம் மிச்சப்பட்டுத் தசைக்கு உதவும் என்றும் அறிஞர் கருதுகின்றனர்.

உத்தரப்பிரதேசத்து இஜ்ஜத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையத்தார் இக்கோழியின் அருமை உணர்ந்து, தம்முடைய சிவப்பு இனம் ஒன்றுடன் கலந்து ‘ஹித்காரி’ என்ற இனத்தை உண்டாக்கினர். இந்தியில் அச்சொல்லுக்கு நலம் புரிபவன் என்பது பொருள். பெயர் பொருத்தமே.

மொட்டைக் கழுத்து ஓங்கு பண்பாகும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்பட்டுவிடும். சேவலின் கழுத்தின் முன்புறத்தில், இரைப்பைக்குச் சற்று மேலே இறகுக் கொத்து ஒன்று தெரிந்தால், அது கலப்பு. சாதாரணப் பெட்டையுடன் சேர்த்தால் குஞ்சுகளில் சரிபாதியே மொட்டைக் கழுத்தாகும். கொத்து இன்றிக் கழுத்து வெறுமையாயிருப்பின் அது தூய வழியினது. குஞ்சுகள் அனைத்தும் மொட்டைக் கழுத்தாகவே பிறக்கும். சந்தையில் சேவல் பொறுக்குவோர் இவ்வடையாளத்தை நினைவிற் கொள்க.

இனிச் செய்யத்தக்கவை சில. வீட்டில் நாட்டுப் பெட்டை இரண்டேனும் எப்போதும் இருக்கட்டும். அடைகாக்கும் தாய் அதுவே. நல்ல சேவல் ஒன்றை வெளியிலிருந்து கொணர்ந்து அப்பெட்டைகளுடன் விடுங்கள். தன் மகளையே அது இணையாமலிருக்க, ஆண்டுக்கொரு முறை சேவலை மாற்றுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கேட் நோய்க்குக் குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் தவறாது போடுங்கள். 2023 சனவரியில் இம்மாவட்டத்து அழூர்ப் பகுதியில் பறவைக் காய்ச்சல் தோன்றிற்று. கோழிகள் திடீரெனக் கூட்டமாக மடிந்தால், மறைத்து விற்காமல் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிப்பது நம் கடமை.

கலப்பினம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகளின் தட்டில் நாளும் ஒரு முட்டை விழவேண்டுமெனில் அதன் துணை தேவை. ஆயினும் கலப்பதற்குத் தூய நாட்டினம் எஞ்சியிருந்தால்தான் நாளைக்கும் கலப்பினம் உண்டு. எல்லாப் புழக்கடைகளிலும் எல்லாம் கலந்துபோன பின்னர், இழந்த பண்பை எந்தப் பண்ணையில் சென்று வாங்குவோம்? வந்த ஊரின் புதுமையை ஏற்றுக்கொண்டு, பிறந்த ஊரின் முதலையும் காத்து வாழ்வது நமக்குப் பழகிய கலைதான். அதனைக் கோழிக் கூட்டிலும் கடைப்பிடிப்போமாக.