மாணவர் எழுத்தின் தரம் காண்பது எப்படி?

(ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றிற்காக அமைந்த உரையின் வடிவம்)



மருத்துவமனையில் செவிலியர் எழுதிவைக்கும் நோயாளிக் குறிப்பு, கால்வாய்க் கரை உடைந்தது பற்றிப் பொறியாளர் அனுப்பும் அறிக்கை, தெருவில் குடிநீர் வரவில்லை என்று குடிமக்கள் கொடுக்கும் மனு, கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை ஆகிய இவை யாவும் எழுத்துக்களே. இவற்றுள் எதுவும் கவிதையன்று, கதையுமன்று. ஒன்றை அறியாத ஒருவரை அதனை அறியச் செய்வதே இவற்றின் பணி. நாட்டின் நிருவாகமும் வளர்ச்சிப் பணிகளும் நாள்தோறும் இத்தகைய எழுத்தைக் கொண்டே நடைபெறுகின்றன. குறிப்பு பிழைபட்டால் மருந்து பிழைபடும். மனு தெளிவற்றிருந்தால் குழாய் வறண்டேயிருக்கும்.

இவ்வெழுத்துக்குரிய பயிற்சியைப் பள்ளிகள் கட்டுரை, அறிக்கை, அறிவிப்பு, விண்ணப்பம் என்னும் பெயர்களில் அளித்து வருகின்றன. பயிற்சி அளிக்கப்படுகிறது, மதிப்பெண்ணும் வழங்கப்படுகிறது. ஆயினும், அம்மதிப்பெண் எதனை அளக்கிறது என்ற கேள்விக்கு உரிய விடை இன்னும் முழுமையாகக் கிடைத்தபாடில்லை.

இக்கேள்வியைத் தில்லியில் எழுப்புவது பொருத்தமுடையது. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 1961இல் தோன்றியது இந்நகரில்தான். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1962இல் திருத்தியமைக்கப்பட்டுத் தலைமை நிலையம் கொண்டதும் இங்கேதான். இங்கு வகுக்கப்படும் மதிப்பீட்டு முறை நாடெங்கும் உள்ள பள்ளிகளைச் சென்றடைகிறது.

தொண்ணூறு விநாடித் தீர்ப்பு

வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில், அண்மை ஆண்டுகளின் திட்டப்படி, அறிக்கை அல்லது கட்டுரை எழுதும் வினாவிற்கு 5 மதிப்பெண் உண்டு. அதில் வடிவத்திற்கு 1, கருத்துக்களை ஒழுங்குபடுத்தியதற்கு 1, பொருளடக்கத்திற்கு 2, எழுத்துப் பிழையும் இலக்கணப் பிழையும் இன்மைக்கு 1 எனப் பகுக்கப்பட்டுள்ளது. மதிப்பெண்ணை இவ்வாறு பகுத்துத் தருவது பாராட்டத்தக்க முன்னேற்றமே. முன்னாளில் ஆசிரியரின் மனப்போக்கு ஒன்றே அளவுகோலாக இருந்தது. இன்று எழுதப்பட்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது.

எனினும், அளவுகோல் பயன்படும் சூழலையும் காணவேண்டும். வாரியத்தின் அறிவுரைகளின்படி, விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் நாளொன்றுக்கு 8 மணி நேரத்தில் முதன்மைப் பாடங்களில் 20 விடைத்தாள்களைத் திருத்த வேண்டும். ஒரு தாளுக்குக் கிடைப்பது 24 நிமிடம். எழுத்துத் தேர்வின் 80 மதிப்பெண்களுக்கு இந்நேரத்தைப் பங்கிட்டால், 5 மதிப்பெண் கொண்ட ஓர் அறிக்கைக்கு ஒன்றரை நிமிடமே எஞ்சும். அந்தத் தொண்ணூறு விநாடிகளில் தலைப்பு, தேதி, கையொப்பம் ஆகியவை கண்ணில் படும். எழுத்துப் பிழையும் படும். சொல்லப்பட்ட செய்தி உண்மைதானா, காரணமும் விளைவும் பொருந்துகின்றனவா, படிப்பவருக்கு வேண்டியது அதில் உள்ளதா என்பனவற்றை ஆராய்வதற்கு நேரம் போதாது. எளிதில் காணக்கூடியது மதிப்பெண் பெறுகிறது. ஆராய்ந்து காணவேண்டியது பின்தங்குகிறது.

ஒரே தாள், பல மதிப்பெண்

கட்டுரையை மதிப்பிடுவதில் உள்ள இடர்ப்பாடு இந்தியாவிற்கு மட்டும் உரியதன்று. டாக்கா பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தராக விளங்கியவரும், இந்தியக் கல்வி நிலை பற்றி 1929இல் அறிக்கை தந்த குழுவின் தலைவருமான பிலிப் ஹார்டாக், பின்னர் இங்கிலாந்தில் ரோட்ஸ் என்பாருடன் சேர்ந்து தேர்வுகளையே தேர்வுக்குட்படுத்தினார். அதன் முடிவுகள் 1935இல் வெளியாயின. ஒரே மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்கள் தேர்வாளர்களிடம் தரப்பட்டன. ஓராண்டோ அதற்கு மேலோ கழிந்தபின், அவர்களுள் 14 பேரிடம் அதே தாள்கள் மீண்டும் தரப்பட்டன. மொத்தம் 210 தீர்ப்புகளில் 92 மாறிவிட்டன. முன்பு தேறியவர் பின்பு தவறினார்; தவறியவர் தேறினார். மாணவர் எழுதியதில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

1961இல் அமெரிக்காவில் பால் டீடரிக்கும் அவர்தம் துணைவர்களும் 300 மாணவர் கட்டுரைகளைப் பல்வேறு துறைகளைச் சார்ந்த 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் செய்தனர். 94 விழுக்காட்டுக் கட்டுரைகள் ஒன்பதில் ஏழோ அதற்கு மேற்பட்டனவோ ஆகிய வெவ்வேறு தரங்களைப் பெற்றன. இது திகைப்பூட்டும் செய்தியே. ஆயினும், ஆய்வு அத்துடன் நின்றுவிடவில்லை. மதிப்பிட்டவர்கள் எழுதிய குறிப்புகளை ஆராய்ந்தபோது, அவர்கள் கருத்து, அமைப்பு, நடைச்சுவை, மொழிப் பிழை, சொல்லாட்சி ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒன்றையே பெரிதாகக் கொண்டு தீர்ப்பளித்தது புலனாயிற்று. அதாவது, அவர்கள் ஒரே பொருளைத் தவறாக அளக்கவில்லை. வெவ்வேறு பொருள்களை அளந்து, எல்லாவற்றிற்கும் ‘தரம்’ என்ற ஒரே பெயரைச் சூட்டினர். எதனை அளப்பது என்று முன்கூட்டியே உடன்பட்டால் வேறுபாடு குறையும் என்ற வழியும் இதனால் பிறந்தது.

சீர்திருத்தம் சென்ற வழி

சுதந்திர இந்தியா இக்குறையை உணராமலிருக்கவில்லை. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் ஆராய்ந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, பல்கலைக்கழகங்களில் ஒரே ஒரு சீர்திருத்தம் செய்வதானால் அது தேர்வு முறையிலேயே செய்யப்பட வேண்டும் என்று கருதிற்று. சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு (1952-53), கட்டுரை வினாக்களில் தேர்வாளரின் தனிப்பட்ட விருப்பு வெறுப்புகள் புகுவதைக் குறைக்கப் புறவயத் தேர்வுகளையும் சேர்க்கப் பரிந்துரைத்தது. 1957-58இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் இந்தியாவிற்கு வந்து ஆசிரியர்களுடன் பணிமனைகள் நடத்தினார். 1958இல் மத்தியத் தேர்வுப் பிரிவு ஒன்று நிறுவப்பட்டது. டாக்டர் தௌ.சி. கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு (1964-66), மதிப்பீடு என்பது கற்பித்தலின் இறுதியில் வரும் சடங்கன்று, அதனோடு இணைந்த தொடர்பணி என்று வற்புறுத்தியது.

இவ்வறிவுரைகளில் எளிதானது விரைவாக நிறைவேறியது. விடையைத் தெரிந்தெடுக்கும் வினாக்கள் பெருகின. அவற்றில் ஆசிரியரின் மனப்போக்கிற்கு இடமில்லை. திருத்தும் செலவும் குறைவு. தில்லிப் பல்கலைக் கழகத்தின் இளநிலைப் பட்ட வகுப்புகளில் சேர 2022 முதல் நடைபெறும் பொது நுழைவுத் தேர்வு இவ்வகையினது. தேசிய அளவில் மாணவர் அடைவைக் காணும் ஆய்வுகளும் பெரும்பாலும் இவ்வகை வினாக்களால் ஆனவையே. நேர்மை கருதி இவற்றை ஏற்கத்தான் வேண்டும். ஆனால், நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பவர் ஐந்து வரிகளைத் தெளிவாக எழுதவல்லார் என்பதற்கு அது சான்றாகாது. நிறுப்பதற்கு அரிதான பொருளைத் தராசிலிருந்து இறக்கிவைத்துவிட்டால், நாளடைவில் அப்பொருளை விளைவிப்பாரும் குறைந்துவிடுவர். தேர்வில் இல்லாததற்கு வகுப்பில் நேரம் ஒதுக்கும் பள்ளிகள் மிகச் சில.

யமுனை வெள்ளம்: இரு கட்டுரைகள்

தகவல் தரும் எழுத்தின் தரம் யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 2023 ஜூலையில் தில்லியில் யமுனை பெருகியது. அதனைப் பற்றி அறிக்கை எழுதுமாறு இரு மாணவர்களிடம் கூறுவதாகக் கொள்ளலாம்.

முதல் மாணவர் அழகிய கையெழுத்தில், ‘நதிகள் நாட்டின் நாடிகள்’ என்று தொடங்குகிறார். நீரின் பெருமை, இயற்கையின் சீற்றம், மரம் நடுவதன் இன்றியமையாமை ஆகியவற்றைப் பிழையின்றி எழுதி, ‘இயற்கையைக் காப்போம்’ என்று முடிக்கிறார். அக்கட்டுரையில் யமுனை என்ற பெயரை நீக்கிக் காவிரி என்று எழுதினாலும் பொருள் மாறாது.

இரண்டாம் மாணவர், 13-7-2023 அன்று பழைய ரயில் பாலத்தருகே நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது என்றும், 1978இல் கண்ட 207.49 மீட்டரை அது விஞ்சியது என்றும் எழுதுகிறார். மேற்பகுதிகளில் பெய்த கனமழை, அரியானாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து வந்த நீர், ஐ.டி.ஓ. தடுப்பணையில் திறக்க இயலாது போன மதகுகள் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார். வஜிராபாத், சந்திராவல், ஓக்லா ஆகிய நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டதால், வெள்ளத்தின் நடுவே குடிநீர்த் தட்டுப்பாடு ஏற்பட்டது என்பதையும் சொல்கிறார். ஆனால், பத்து எழுத்துப் பிழைகள் உள்ளன. காரணங்கள் கடைசியில் வந்து சேர்கின்றன. செய்தி கிடைத்த இடமும் குறிக்கப்படவில்லை.

அவசரமாகத் திருத்தும் கை முன்னவருக்கு நான்கும் பின்னவருக்கு மூன்றும் இடக்கூடும். ஆனால், தில்லியைக் காணாத ஒருவர் இவ்விரண்டையும் படித்தால், முதலாவதிலிருந்து அவர் அறிந்துகொள்வது ஒன்றுமில்லை. இரண்டாவதன் குறைகள் யாவும் திருத்தக்கூடியவை. முதலாவதில் திருத்துவதற்கே ஒன்றும் இல்லை. படித்தவர் புதிதாக எதனை அறிந்தார், அதனை நம்பலாமா, எளிதில் அறிந்தாரா என்பனவே தகவல் எழுத்தின் தரத்தைக் காட்டும் கேள்விகள். பிழையற்ற மொழி இதற்குத் துணை. அதுவே தரம் ஆகிவிடாது.

நன்னூலார் தந்த அளவுகோல்

இவ்வகை அளவுகோல் தமிழுக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் அமைய வேண்டிய பத்து அழகுகளையும் வகுத்துரைக்கிறது. வேண்டியதைக் குறைத்துக் கூறுவதும் குற்றம். மிகைபடக் கூறுவதும் குற்றம். கூறியது கூறல், முன்னுக்குப் பின் முரணாகக் கூறல், எடுத்த பொருளை விட்டு மற்றொன்றை விரித்தல் ஆகியனவும் குற்றங்களே. சுருக்கமும் விளக்கமும் அழகுகள். வழுவுள்ள சொல்லைச் சேர்ப்பது பத்துக் குற்றங்களுள் ஒன்றாக மட்டும் வைக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது. மேற்கண்ட முதல் மாணவரின் கட்டுரை, சொல்வழு ஏதுமின்றியே பிற குற்றங்கள் பலவற்றைத் தாங்கி நிற்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளைப்போல், ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் எழுத வேண்டியவர்களுக்கு இவ்வேறுபாடு மிகவும் தேவை. மொழியில் தடுமாறும் பிள்ளை சிந்தனையிலும் தடுமாறுகிறது என்று முடிவு கட்டுவது அநீதியாகும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, அளவுகோல் தேர்வு முடிந்தபின் திருத்துவோர் கையில் மட்டும் இருப்பது போதாது. எழுதத் தொடங்கும் முன்னரே மாணவர் கையில் இருக்க வேண்டும். செய்தி சரியானதா, போதுமானதா, வரிசையாக உள்ளதா, எவருக்காக எழுதப்பட்டதோ அவருக்கு விளங்குமா என்னும் நான்கு கேள்விகள் போதும். மொழிப் பிழைக்குத் தனியே ஒரு மதிப்பெண் தரலாம்.

இரண்டாவதாக, சொற்களால் மட்டும் அளவுகோல் விளங்காது. ‘நன்று’, ‘நடுத்தரம்’ என்பவை ஆளுக்கொரு பொருள் தருவன. ஒவ்வொரு தரத்திற்கும் உண்மையான மாணவர் தாள்களை மாதிரியாக வைத்து, ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் அனைவரும் பத்துத் தாள்களைத் தனித்தனியே திருத்திப் பின்னர் கூடிப் பேசுவது நல்ல பயிற்சி. வாரியத் தேர்விலும், ஒவ்வொரு ஆசிரியரும் முதல் நாளில் திருத்தும் ஐந்து தாள்களைத் தலைமைத் தேர்வாளர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி உள்ளது. அவ்விதியின் பயனைப் பள்ளிகளும் பெறலாம். இதற்குப் பணம் வேண்டுவதில்லை. ஒரு பிற்பகல் போதும்.

மூன்றாவதாக, மதிப்பீடு மாணவரிடம் திரும்பிவர வேண்டும். தம் விடைத்தாளைப் பார்வையிடவும் நகல் பெறவும் மாணவருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உரிமை உண்டு என்று 9-8-2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை கிடைத்தது, ஆனால், கைக்கு வரும் தாளில் எண் மட்டுமே இருந்தால் மாணவர் கற்பது யாது? ‘3’ என்ற எண்ணைவிட, ‘காரணத்தை முதலில் சொல், இந்த அளவை எங்கே கண்டாய் என்று எழுது’ என்ற ஒரு வரி பயனுடையது. அவ்வரியைப் படித்து மாணவர் மறுபடி எழுத வேண்டும். மறுபடி எழுதியதற்கும் மதிப்பெண் வேண்டும்.

இதில் எச்சரிக்கையும் தேவை. 2009இல் வாரியம் கொண்டுவந்த தொடர் முழு மதிப்பீட்டு முறை, 2017இல் கைவிடப்பட்டது. நோக்கம் நன்றாயினும், பதிவேடுகளை நிரப்பும் வேலை பெருகியதென்று ஆசிரியர்கள் பலர் குறைகூறினர். ஆகவே, ஒவ்வொரு தாளையும் ஒவ்வொரு கோணத்திலும் அளக்க முற்பட வேண்டியதில்லை. பருவத்திற்கு இரண்டு கட்டுரைகளை முழுமையாக ஆராய்ந்து திருப்பித் தருவது, இருபது கட்டுரைகளில் சிவப்பு மையால் சுழித்துத் தருவதைக் காட்டிலும் மேலானது.

மனு எழுதத் தெரியாதவர் பிறர் கையை எதிர்பார்க்கிறார். தம் குறையைத் தம் சொல்லில் சொல்லத் தெரிந்தவர் அரசின் கதவைத் தாமே தட்டுகிறார். பள்ளியில் ஒரு மாணவரின் ஐந்து வரி அறிக்கையை ஆசிரியர் பொறுமையுடன் படித்து, ‘இது எனக்கு விளங்கிற்று, இது விளங்கவில்லை’ என்று சொல்வது சிறு செயலாகத் தோன்றலாம். குடியாட்சிக்குத் தேவையான குடிமக்கள் அச்சிறு செயலிலிருந்தே உருவாகின்றனர்.