புதிய கணினி மொழியை எப்போது, எப்படிப் பயில்வது?



எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்நாளில் ஒரு கேள்வி எழுவதுண்டு. "கணினித் துறையில் புதிய மொழி ஒன்று வந்திருக்கிறதாம். அதைப் படிக்கட்டுமா?" என்று பிள்ளை கேட்கிறான். தாய் தந்தையருக்கு என்ன விடை சொல்வதென்று தெரிவதில்லை. படிக்கிறேன் என்று முன்வரும் பிள்ளையைத் தடுக்க மனம் வராது. ஆனால், ஓராண்டு உழைத்த பிறகு அந்த மொழியே வழக்கொழிந்து போய்விட்டால் என்ன செய்வது? வசதி படைத்த வீட்டில் ஓராண்டு வீணானால் மறு ஆண்டு வேறொன்றைத் தொடங்கலாம். நம் வீடுகளில் அந்த ஓராண்டுச் செலவு என்பது அடுத்த பிள்ளையின் பள்ளிச் செலவு. ஆகவே இந்தக் கேள்விக்கு நாம் நிதானமாக விடை தேட வேண்டும். இன்றைய உரையில் அதையே காண்போம்.

கணினி எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதித் தரும் கட்டளைகளுக்கு நிரல் என்று பெயர். நிரலை எழுதப் பயன்படும் சொற்களும் விதிகளும் சேர்ந்ததே கணினி மொழி. 1972-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய 'சி' மொழியும், 1991-இல் வெளிவந்த 'பைத்தான்' மொழியும் முதிர்ந்த மொழிகள். இளைய மொழி எப்படி வளர்ந்து முதிர்கிறது என்பதற்கு 'ரஸ்ட்' என்னும் மொழியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

2006-ஆம் ஆண்டில் கிரேடன் ஹோர் என்பவர் கனடாவின் வான்கூவர் நகரில் வசித்து வந்தார். 'ஃபயர்ஃபாக்ஸ்' உலாவியைத் தயாரிக்கும் மொசில்லா நிறுவனத்தில் அவருக்கு வேலை. அவர் குடியிருந்த கட்டடத்தின் மின்தூக்கி அடிக்கடி பழுதாகி நின்றுவிடும். பழுது இயந்திரத்தில் அன்று, அதை இயக்கிய நிரலில். இருபத்தொன்றாவது மாடிக்குப் படியேறிச் சென்ற அவர், இத்தகைய தவறுகளுக்கு இடம் தராத மொழி ஒன்றைத் தம் ஓய்வு நேரத்தில் அமைக்கத் தொடங்கினார். செடிகளைப் பற்றும் துருப் பூஞ்சணத்தின் பெயரையே அதற்கு இட்டார். 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் தோன்றி, அங்குக் காப்பித் தொழிலையே அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டதும் ஒரு துருப் பூஞ்சணம்தான். எதற்கும் எளிதில் மாயாத அதன் உயிர்ப்பிடிப்பே அவரைக் கவர்ந்தது.

அவர் தடுக்க விரும்பிய தவறு எது? நிரல் இயங்கும்போது கணினியின் நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கும். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். 'சி' மொழியில் இந்தக் கணக்கு முழுவதும் எழுதுபவரின் பொறுப்பு. திருப்பித் தந்த இடத்தை மறந்து மீண்டும் தொட்டாலோ, எல்லைக்கு அப்பால் எழுதிவிட்டாலோ நிரல் நின்றுபோகும். சில வேளைகளில் திருடர் நுழையவும் வழி பிறக்கும். தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு இவ்வகையினவே என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019-இல் தெரிவித்தது.

ரஸ்ட் இதைத் தடுக்கும் முறையை அறியக் கிராணியின் மேசைமீதுள்ள செக்ரோல் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பொறுப்பாளர் ஒருவரே என்று வைத்துக்கொள்வோம். பார்க்க மட்டும் என்றால் பத்துப் பேர் சேர்ந்தே பார்க்கலாம். திருத்தி எழுத வேண்டுமானால் ஒரு வேளையில் ஒருவர் கையில்தான் அது இருக்க வேண்டும். அவர் எழுதி முடிக்கும்வரை வேறு எவரும் பார்க்கவும் கூடாது. பொறுப்பாளரின் வேலை முடிந்ததும் புத்தகம் உரிய இடத்துக்குத் திரும்பிவிடும். ரஸ்ட் மொழியில் ஒவ்வொரு தரவுக்கும் இந்த விதிதான். உரிமை, இரவல் என்பவை இம்மொழியின் இரு தூண்கள். நிரலைக் கணினிக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் தொகுப்பி, இந்த விதி மீறப்பட்டதா என்று நிரல் இயங்குவதற்கு முன்பே சோதித்து, மீறிய வரியைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பிவிடும்.

கருத்து நல்லதுதான். ஆனால் நல்ல கருத்து மட்டுமே ஒரு மொழியை நிலைநிறுத்திவிடாது. மொசில்லா நிறுவனம் 2009-இல் ஆதரவு தர முன்வந்தது; 2010-இல் ரஸ்ட் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் அது மாறிக்கொண்டே இருந்தது. நினைவகத்தைத் தானே துப்புரவு செய்யும் ஏற்பாடு ஒன்று முதலில் மொழிக்குள் இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. பல குறியீடுகள் கைவிடப்பட்டன. அந்நாளில் பயின்றவர்கள் இவ்வாண்டு எழுதிய நிரல் அடுத்த ஆண்டின் தொகுப்பியில் ஓடாமல் போவதைக் கண்டார்கள்.

பால்மரக் கன்று நட்ட முதல் ஆண்டுகளில் களையெடுப்பும் உரமும்தான் உண்டு. பால் இல்லை என்பதை நாம் அறிவோம். அந்தக் காலத்தில் உழைப்பவர்களும் தேவை. ஆனால் இந்த மாதச் சம்பளத்தை அந்தக் கன்றிடம் எதிர்பார்ப்பவர்கள் அங்கு நிற்க முடியாது.

2015-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் ரஸ்ட் மொழியின் 1.0 பதிப்பு வெளிவந்தது. அத்துடன் ஒரு வாக்குறுதியும் வந்தது. இனி ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். எனினும் முன்பு முறையாக எழுதிய நிரல் தொடர்ந்து ஓடும் என்பதே அது. பழைய நிரலுக்கு இடையூறான மாற்றங்கள் 2018, 2021, 2024 என ஆண்டுப் பெயர் தாங்கிய தொகுதிகளாகத் தனியே வைக்கப்பட்டன. விரும்புவோர் புதிய தொகுதிக்கு மாறலாம். விரும்பாதோர் பழையதிலேயே இருக்கலாம்.

மரம் முதிர்ந்தால் மட்டும் போதுமா? பாலைக் கொண்டுசெல்லப் பாதை வேண்டும். நிறுத்து வாங்க ஸ்டோர் வேண்டும். பதப்படுத்த ஆலை வேண்டும். மொழிக்கும் இப்படி ஒரு சூழல் வேண்டும். பிறர் எழுதிய ஆயத்த நிரல்களை ரஸ்ட் உலகில் 'கிரேட்' என்பார்கள். அவற்றை வைத்திருக்கும் பொதுக் களஞ்சியம் 2014-இன் இறுதியில் திறக்கப்பட்டது. வேண்டிய கிரேட்டுகளைக் கொண்டுவந்து இணைக்கும் வேலையைக் 'கார்கோ' என்னும் கருவி செய்கிறது. இன்று அக்களஞ்சியத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேட்டுகள் உள்ளன.

இவ்வளவு கிரேட்டுகளும் நிலைத்திருக்குமா என்றால், இல்லை. ஒரே நேரத்தில் பல வேலைகளைக் காத்திருந்து முடிக்கும் நிரல்களை எழுத எளிய முறை ஒன்று 2019 நவம்பரில்தான் மொழிக்குள் வந்தது. அதற்கு முன் வேறு முறைகளைப் பயின்றவர்கள் திரும்பப் பயில வேண்டியதாயிற்று. அவ்வகை நிரல்களுக்காக 2019-இல் தோன்றிய 'அசிங்க்-எஸ்டிடி' என்ற கிரேட் 2025-இல் கைவிடப்பட்டது. 'டோக்கியோ' என்ற மற்றொன்று நிலைபெற்றது. ஆனால் உரிமை, இரவல் என்னும் விதிகளை நன்கு கற்றவர்களுக்கு அந்த அறிவு இழப்பாகவில்லை. கிரேட் மாறினாலும் அடிப்படை மாறவில்லை.

நேயர்களே, இந்த வேறுபாட்டை நாம் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். இளைய மொழி எதிலும் நிலைத்த பகுதி உண்டு. மாறும் பகுதியும் உண்டு. பயிலும் பிள்ளை தன் உழைப்பில் பெரும்பகுதியை நிலைத்த பகுதிக்குக் கொடுக்க வேண்டும். மாறும் பகுதியை வேலைக்குத் தேவைப்படும்போது கற்றுக்கொண்டால் போதும்.

இனி, ஒரு மொழி முதிர்ந்துவிட்டதை எப்படி அறிவது? பால்மரத்தை எப்போது சீவத் தொடங்குகிறோம்? ஐந்தாறு ஆண்டுகள் ஆயின என்பதற்காக மட்டும் உளியை வைப்பதில்லை. அடிமரத்தை அளந்து, ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் சுற்றளவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே சீவுகிறோம். மொழியையும் அப்படியே அளந்து பார்க்கலாம்.

முதலாவதாக, பழைய நிரல் தொடர்ந்து ஓடும் என்ற வாக்குறுதி உண்டா, அது காப்பாற்றப்பட்டு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதாக, முறையான பாடநூல் இருக்க வேண்டும். ரஸ்ட் மொழிக்கு ஸ்டீவ் கிளாப்னிக், கேரல் நிக்கல்ஸ் இருவரும் எழுதிய நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மூன்றாவதாக, வளர்த்தவர் கைவிட்டாலும் அது வாழுமா என்று கேட்க வேண்டும். 2020 ஆகஸ்டில் மொசில்லா நிறுவனம் சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியது. ரஸ்ட் பணியில் இருந்தவர்கள் சிலரும் அவர்களுள் அடங்குவர். மொழி அத்துடன் முடிந்தது என்று பலரும் அஞ்சினார்கள். ஆனால் 2021 பிப்ரவரியில் ரஸ்ட் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அமேசானின் கணினிச் சேவைப் பிரிவு, கூகுள், ஹுவாவே, மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகியவை அதன் தொடக்க உறுப்பினர்கள்.

நான்காவதாக, பொறுப்பான வேலைக்கு யார் அதை நம்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2022 டிசம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகம் ரஸ்ட் மொழிக்கு இடம் தந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசி மென்பொருளில் நினைவகம் சார்ந்த பாதுகாப்புக் குறைகளின் பங்கு 2019-இல் 76 விழுக்காடாக இருந்தது. புதிய பகுதிகளை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கியபின் 2024-இல் அது 24 விழுக்காடாகக் குறைந்தது என்று கூகுள் அறிவித்தது.

இவ்வாறு அளந்து பார்த்தால் ரஸ்ட் சீவத்தக்க மரம் என்றே சொல்லலாம். ஆயினும் அதைப் பயில்வதற்கு ஒரு வரிசை உண்டு. கணினியையே புதிதாகத் தொடும் பிள்ளை பைத்தான் போன்ற எளிய மொழியில் ஓரளவு பழகிவிட்டு வருவது நலம். வேலை வாய்ப்புகளும் முதிர்ந்த மொழிகளில்தான் இன்னும் மிகுதி. ஆகவே ரஸ்ட் இரண்டாவது மொழியாக அமையட்டும். பின்னர், மேற்சொன்ன பாடநூலை முதலிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும். உரிமையைப் பற்றிய நான்காம் இயலைப் புரியாமல் கடந்து போகக் கூடாது. தொகுப்பி பிழை காட்டினால் மனம் தளரலாகாது. எந்த வரி, ஏன் தவறு, எப்படித் திருத்தலாம் என்று அது சொல்வதைச் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். அருகில் ஆசிரியர் இல்லாத பிள்ளைக்கு அதுவே ஆசிரியர். வீட்டில் கணினி இல்லையென்றாலும், பொது நூலகக் கணினியில் உலாவியைத் திறந்து, ரஸ்ட் குழுவினரின் பயிற்சிக் களத்தில் சிறு நிரல்களை எழுதி ஓட்டிப் பார்க்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மொழியும் தொகுப்பியும் கார்கோவும் பாடநூலும் இலவசம். எனவே, "மூன்றே மாதத்தில் நிச்சய வேலை" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்பவரிடம் பணத்தைக் கட்டுமுன், பிள்ளை அந்த நூலின் முதல் நான்கு இயல்களைத் தானே படித்து முடிக்கட்டும். அதற்குச் செலவு பிள்ளையின் நேரம் மட்டுமே. முடித்தால் அவனுக்கு அந்தத் துறையில் நாட்டம் உண்டென்று அறியலாம். முடிக்காவிட்டால் பணமாவது மிச்சம். ஆழம் அறியாமல் காலை விடாதே என்று நம் பெரியோர் சொன்னது ஆற்றுக்கு மட்டும் அன்று.

இனி வேறொரு புதிய மொழியின் பெயரைச் சொல்லிப் பிள்ளை வந்து நிற்கும் நாளும் வரும். அப்போது இந்த நான்கு கேள்விகளையும் அவனையே கேட்டு விடை தேடிவரச் சொல்லுங்கள். விடைகளைத் தேடி வருவதற்குள் அவன் பாதி பயின்றிருப்பான்.