தாமே கற்கும் ஆங்கிலம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தி, இருப்புப்பாதை அலுவலகத்தில் குமாஸ்தாக்களாக அமர்ந்தவர்கள். கோப்புகளைப் பார்த்துப் பார்த்தே ஆங்கிலம் கற்றோம். கடிதத்தைப் பிழையின்றி எழுதுவோம். மேலதிகாரி முன் நான்கு வாக்கியம் பேசவேண்டுமென்றால் நா எழுவதில்லை. அத்தகைய நாம்தாம் கல்லூரியிற் பயிலும் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு மார்க் போடுகிறோம்!

சென்ற ஆண்டு எம் மகள் இரவு வெகுநேரம் கைப்பேசியும் கையுமாக இருக்கக் கண்டு கடிந்துகொண்டோம். பிறகே உண்மை தெரிந்தது. தாவர இயல் பற்றிய ஆங்கிலச் சொற்பொழிவை ஐந்து நிமிடம் கேட்பாள், நிறுத்துவாள், கேட்டதை நோட்டில் எழுதுவாள், மறுபடியும் கேட்டு, விட்டுப்போன சொற்களைச் சிவப்பு மையால் நிரப்புவாள். நாமோ அவளிடம் இலக்கணக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம். “அப்பா, வகுப்பில் சொல்வது எனக்கு விளங்கவேண்டும், இப்போதைக்கு அதுதான் வேண்டும்” என்றாள். தன் தேவை அவளுக்குத் தெரிந்திருந்தது, நமக்குத் தெரியவில்லை.

பிரான்ஸ் தேசத்து நான்ஸி நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்ரி ஹோலெக் என்பார், ஐரோப்பாக் கவுன்சிலுக்கென எழுதி 1979இல் வெளிவந்த அறிக்கையில் இதனை ஆராய்ந்திருக்கிறார். எதற்காகக் கற்பது, எதைக் கற்பது, எம்முறையிற் கற்பது, எவ்வளவு தேறினோம் என மதிப்பிடுவது ஆகிய யாவற்றையும் கற்பவரே ஏற்கலாம். ஆயின் இத்திறன் பிறவியில் வருவதன்று, பழகிப் பெறவேண்டியது என்பது அவர் துணிபு.

ஃபின்லாந்தின் ஹெல்ஸிங்கிப் பல்கலைக்கழக மாணவர்க்கு ஆங்கிலம் அயல்மொழி. அங்கு 1994இல் தொடங்கிய ஒரு முறைப்படி, மாணவர் தம் ஆங்கிலப் பயிற்சித் திட்டத்தைத் தாமே வகுத்து, செய்ததைக் குறித்துவருவர். ஆயினும் தனியே விடப்படுவதில்லை. ஆலோசகர் ஒருவர் அவ்வப்போது தனித்துச் சந்தித்து, அவர் சொல்வதைச் செவிமடுப்பார்.

நம் தலைமுறைக்கு அப்படிச் செவிமடுப்பார் வாய்க்கவில்லை. அலுவலகத்துக்கு வேண்டியதைக் கற்றோம். நமக்கு என்ன வேண்டும் என்று எவரும் வினவவில்லை, நாமும் வினவிக்கொள்ளவில்லை.

செயலாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சங்க வாசகசாலை ஞாயிறு மாலைகளில் பூட்டியே கிடக்கிறது. (சாவி யாரிடம் இருப்பது என்று பொதுக்கூட்டத்தில் எழுந்த வாதத்தை மீண்டும் கிளப்ப விரும்பவில்லை.) இக்குடியிருப்பின் கல்லூரிப் பிள்ளைகள் ஒன்பது பேர் அங்கு வந்து படிக்க விரும்புகிறார்கள். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் மாதம் இருமுறை வந்து அவர்களோடு பேச இசைந்திருக்கிறார். ஒரு மேஜையும் நல்ல விளக்கும் போதும். பெற்றோர் உள்ளே வரலாகாது என்பது பிள்ளைகளின் நிபந்தனை; நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம்.