நோவின் அருமை உணர்ந்த மருத்துவர்



தமிழில் 'நோ' என்பது மிகச் சிறிய வினையடி. நோதல், நோவு, நோய் என்னும் சொற்கள் அதிலிருந்து கிளைத்தவை. உடலை வருத்தும் பிணிக்கும் நோய் என்று பெயர். பிரிவால் தலைவி படும் துயருக்கும் நோய் என்றே பெயர். நோவைத் தருவதே நோய் என்பது தமிழரின் மொழியுணர்வு. ஆயின், நோவையே இல்லாமற் செய்துவிடும் நோய் ஒன்று உண்டு. அது தொழுநோய். இந்த முரணை ஊன்றி நோக்கி, முடங்கிய கைகளுக்கு மறுவாழ்வு தந்தவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட்.

சங்கப் புலவர் பாடிய வல்வில் ஓரியின் கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் ஜெஸ்ஸியும் ஈவ்லினும் அம்மலையில் சமயப் பணியும் மருத்துவத் தொண்டும் ஆற்றிய ஆங்கிலேயர். ஒருநாள் தொழுநோயாளிகள் சிலர் வீட்டு வாயிலுக்கு வந்தனர். பிள்ளைகளை விலகியிருக்கச் சொல்லிவிட்டு, தந்தை கையுறை அணிந்து அவர்களின் புண்களைக் கழுவிக் கட்டினார். சிறுவன் பாலின் நெஞ்சில் அந்தக் காட்சி அச்சமாகவே பதிந்தது. இரத்தத்தையும் சீழையும் கண்டு அருவருத்த அவர், மருத்துவராக வேண்டும் என்று இளமையில் விரும்பியதே இல்லை.

1923இல், ஒன்பது வயதில், கல்விக்காகத் தங்கையுடன் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தையை அவர் மீண்டும் காணவில்லை. 1929இல் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சலுக்குப் பலியானார். இறப்புச் செய்தியைத் தந்தி முந்திக்கொண்டு தந்தது. தந்தை எழுதிய கடைசிக் கடிதமோ கப்பலேறி அதன் பின்னரே வந்து சேர்ந்தது. தாயார் பின்னாளில் கொல்லிமலைக்கே திரும்பி, முதுமையிலும் மலைமக்களிடையே தொண்டாற்றி, 1974இல் 95ஆம் வயதில் மறைந்தார்.

பள்ளிக் கல்வி முடிந்ததும் பால் கற்றது கட்டடத் தொழில். மரத்தின் இழையையும் உளியின் கூரையும் அறிந்த கைகளோடுதான் அவர் பின்னர் இலண்டனில் மருத்துவம் பயிலச் சென்றார். உடன் பயின்ற மார்கரெட் பெரியை 1943இல் மணந்தார். போர்க்காலக் குண்டுவீச்சில் சிதைந்த உடல்களைச் சீராக்கியதே அவருடைய அறுவைப் பயிற்சிக் களம். 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். அடுத்த ஆண்டு மார்கரெட் இரு குழந்தைகளுடன் வந்து சேர்ந்தார். மொத்தம் ஆறு மக்கள் அந்த இல்லத்தில் வளர்ந்தனர்.

வாழ்வின் திருப்பம் செங்கற்பட்டில் நேர்ந்தது. அங்கிருந்த தொழுநோய் மருத்துவமனையைக் காண, அதன் தலைவர் இராபர்ட் காக்ரேன் அவரை அழைத்திருந்தார். மடங்கி முடங்கிய விரல்களைக் கண்ட பிராண்ட், இக்கைகளுக்கு என்ன செய்கிறார்கள் என்று வினவினார். எவரும் எதுவும் செய்யவில்லை என்பதே விடை. இளைஞன் ஒருவனிடம் தம் கையை நீட்டி இறுகப் பற்றச் சொன்னார். வலுவிழந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி தாங்கவில்லை. அத்தனை வன்மை அந்தப் பிடியில் இருந்தது! முன்கைத் தசைகள் பழுதின்றி இருக்கின்றன என்பது அந்த நொடியில் அவருக்கு விளங்கியது. நற்றசையின் நாணை இடம் மாற்றித் தைத்தால் விரல் நிமிரும் என்பது அவர் கண்ட வழி. 1948 முதல் வேலூரில் அவ்வறுவை மருத்துவம் நடைபெறத் தொடங்கியது. நோயாளி விரலை அசைக்கப் புதிதாய்ப் பழக வேண்டியிருந்தது. பழகியோர் சோற்றைப் பிசைந்து தம் கையால் உண்டனர்.

எனினும் திருத்திய கைகளில் மீண்டும் புண்கள் தோன்றின. தொழுநோயில் சதை தானே அழுகி உதிர்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. பிராண்ட் அதை ஏற்கவில்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தம்மால் திறக்க இயலாதபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கோ அது தெரியவில்லை. இரவில் சிலரின் விரல் குறைந்ததன் காரணத்தைக் காவலிருந்து கண்டபோது, உறங்குவோரின் விரலை எலிகள் கடிப்பது தெரியவந்தது. பூனைகள் வளர்க்கப்பட்டன. நோயின் முதற்காரணத்தைத் தேடச் சொன்ன வள்ளுவர் நெறி இதுவேயன்றோ? விரலைத் தின்றது கிருமியன்று, நோவின்மை.

நோவை இழத்தல் என்பதன் பொருளை அவர் தம் உடலிலும் ஓரிரவு கண்டார். நெடும்பயணம் முடிந்து இலண்டன் விடுதியில் காலுறையைக் கழற்றுகையில், குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தொழுநோய் பற்றிவிட்டதென்றே எண்ணி, மனைவி மக்களை விட்டுத் தனித்து வாழ நேருமே என்று விடியும்வரை கலங்கினார். காலையில் மீண்டும் குத்தினார். வலித்தது. அந்த வலிக்காக அவர் மகிழ்ந்தார். நீண்ட நேரம் அசையாது அமர்ந்திருந்ததால் நரம்பு மரத்திருந்ததே காரணம்.

அறுவையால் மட்டும் வாழ்வு மீளவில்லை. நிமிர்ந்த விரல்களோடு சென்றவர்க்கு வேலை கொடுப்பார் இல்லை. கோணல் நீங்கிய கைக்குப் பிச்சையும் குறைந்தது. இக்கை பிச்சைக்கு உதவாது என்று ஒருவர் முறையிட்டதாகப் பிராண்ட் கூறுவதுண்டு. ஆகவே அவர், தாம் கற்ற மரவேலையைக் கற்பிக்கும் மறுவாழ்வுக் குடியிருப்பை வேலூரில் அமைத்தார். தச்சன் கற்ற பாடம் மருத்துவனுக்குப் பயன்பட்டது. மெல்லிய நுண்துளை இரப்பர் அடிமட்டம் கொண்ட செருப்புகளும் உணர்ச்சியற்ற பாதங்களைக் காத்தன.

மார்கரெட் கண்ணைத் தம் துறையாக்கிக்கொண்டார். இமைக்க இயலாத கண்கள் வறண்டு பார்வை இழந்தன. மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமைக்குத் திருப்பும் அறுவையை அவர் செய்தார். வாய் மெல்லும்போது கண் இமைத்தது. கை காப்பது கணவர் பணி, கண் காப்பது மனைவி பணி என ஒரே குடும்பத்தில் அமைந்த இல்லறம் இது.

1960இல் ஆல்பர்ட் லாஸ்கர் விருது அவரை அடைந்தது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்ச்சி இழந்த சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் அதே அறிவால் காக்கலாம் என்பதை அங்கே நிறுவினார். 2003இல் சியாட்டிலில் மறைந்தார், மார்கரெட் 2014இல்.

பல்வகை மருந்துக் கூட்டு 1980களில் வந்தபின் தொழுநோய் முற்றிலும் குணமாகும் நோயாகிவிட்டது. எனினும், உணர்ச்சி இழந்த விரலுக்கு அது உணர்வை மீட்டுத் தருவதில்லை. அதனால்தான் பிராண்டின் பாடம் இன்றும் பழையதாகவில்லை.

கவிஞர் பெருமக்களே! நோவைப் பாடுதல் உங்கள் மரபு. கொல்லிமலையில் பிறந்த இம்மருத்துவர் அந்த மரபுக்கு ஒரு பொருளுரை தந்தார். நோவு உடலின் காவலன். அதை இழந்த உடல் தன் உறுப்பைத் தனதென்று அறியாது. உடலுக்குச் சொன்ன இது ஊருக்கும் பொருந்தும். ஒரு தெருவில் ஒருவன் படும் துயரை அடுத்த வீடு உணராதபோது, அங்கும் விரல்கள் குறையத் தொடங்குகின்றன. அந்த உணர்ச்சியை மரத்துப்போகாமல் காக்கும் பொறுப்பு கவிதைக்கு உண்டு.