காட்டுக் காப்பி யாருடைய சொத்து?

(தோட்டத் தொழிலாளர் தோழர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)

இவ்வகுப்புக்கான குறிப்புகளை மொழிபெயர்த்தபோது ‘காட்டுக் காப்பி’ என்ற சொல்லில் சற்று நின்றேன். செடியின் பெயருக்கு முன் ‘காட்டு’ என்ற அடை வந்தால், அது தரம் குறைந்தது என்றே நாம் பொருள் கொள்கிறோம். காப்பியின் விஷயத்தில் உண்மை இதற்கு நேர்மாறானது. தோட்டக் காப்பியின் எதிர்காலம் காட்டுக் காப்பியைச் சார்ந்தே நிற்கிறது.

காப்பிப் பேரினத்தில் 120-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. உலகச் சந்தையை நிரப்புபவையோ அராபிகா, ரொபஸ்டா என்ற இரண்டே. அராபிகாவின் தாயகம் தென்மேற்கு எத்தியோப்பியாவின் மலைக்காடுகள். அங்கிருந்து ஏமனுக்குச் சென்ற சிறிதளவு விதையே உலகத் தோட்டங்கள் பெரும்பாலானவற்றின் மூலம். 1706-இல் ஜாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த செடியின் வழித்தோன்றல்கள், பின்னர் அமெரிக்கக் கண்டத்தின் அடிமை உழைப்புத் தோட்டங்களில் பெருகின. அராபிகா தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. ஆகவே காலனியத் தோட்டங்களில் குறுகிய மரபு குறுகியதாகவே நீடித்தது.

அதன் விளைவை இலங்கை கண்டது. 1869-இல் அங்கு இலைத்துரு நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழில் சரிந்தது. மூலதனம் தேயிலைக்கு மாறிக்கொண்டது. கங்காணிகள் வழியே தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளிக்கோ பயிர் மாறியதேயன்றி வாழ்நிலை மாறவில்லை.

நோய்க்கு விடை வேறு இனங்களிலிருந்து வந்தது. கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் அரசு ஆய்வு நிலையம் 1940-களில் தந்த எஸ்.795 வகையில், லைபீரிகா என்ற இனத்தின் துருநோய் எதிர்ப்பு மரபணு உள்ளது. காலப்போக்கில் நோய்க் கிருமியும் மாறியது, எதிர்ப்பு தளர்ந்தது. ஒருமுறை பெற்றது என்றைக்கும் போதாது. புதிய மரபணுக்களைத் தேடும் பணி ஓயாதது.

இன்று நோயுடன் வெப்பமும் சேர்ந்துள்ளது. அராபிகா குளிர்ந்த மலைகளின் பயிர். குடகிலும் வயநாட்டிலும் பூப்பதற்கான கோடை மழை தவறினால் விளைச்சல் குறைகிறது. பறிக்கும் பருவத்தில் மழை கொட்டினால் பழம் உதிர்கிறது. சிறு விவசாயி கடனாளியாகிறார். தினக்கூலித் தொழிலாளி வேலைநாட்களை இழக்கிறார். இந்நிலையில், மேற்கு ஆப்பிரிக்காவின் ஸ்டெனோஃபில்லா என்ற காட்டினம் நம்பிக்கை தருகிறது. 2018-இல் சியரா லியோனில் அதை மீண்டும் கண்டறிந்தனர். அராபிகாவைவிட மிக வெப்பமான சூழலில் வளரும் அதன் சுவை அராபிகாவை ஒத்தது என்பதை 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் காட்டுக் காப்பி இனங்களில் 60 விழுக்காடு அழிவின் விளிம்பை நோக்கிச் செல்வதாக 2019-இல் அறிவியலாளர்கள் எச்சரித்தனர். காப்பி விதையை நெல்லைப் போல் உலர்த்திப் பல்லாண்டு சேமிக்க இயலாது. உயிருள்ள மரமாகவே காக்க வேண்டும். காடு அழிந்தால் மரபணுவும் அழியும். எத்தியோப்பியாவின் காஃபா, யாயு காடுகளை 2010-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகங்களாக ஏற்றது. ஆனால் அறிவிப்பு மட்டுமே காட்டைக் காத்துவிடாது. தலைமுறைகளாக அங்கே பழம் பறித்து வாழும் உழவர்களின் உழைப்பும் அறிவும் அதற்கு வேண்டும்.

அந்த உழவருக்குக் கிடைப்பது என்ன? எத்தியோப்பிய விதைகளின் வழிவந்த மரங்களில், காஃபீன் ஏறக்குறைய இல்லாத மூன்று மரங்களைக் கண்டதாக 2004-இல் பிரேசில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அதன் பயனில் எத்தியோப்பியாவின் பங்கு என்ன என்ற கேள்வி உடனே எழுந்தது. மரபு வளத்தின் மீது நாடுகளுக்குள்ள உரிமையை 1992-இன் உயிரியல் பல்வகைமை உடன்படிக்கை ஏற்கிறது. ஏட்டிலுள்ள உரிமை உழவரின் கைக்குச் சேர்வதே போராட்டம்.

இக்கேள்வி நம்முடையதும்கூட. மேற்குத் தொடர்ச்சி மலைகளில் திருவிதாங்கோட்டின் பெயரைத் தாங்கியது உட்பட உள்நாட்டுக் காட்டுக் காப்பி இனங்கள் உள்ளன. நம் பல்லுயிர்ச் சட்டத்தில் 2023-இல் செய்த திருத்தமோ, மீறுவோருக்கான சிறைத் தண்டனையை நீக்கி அபராதமாக்கிவிட்டது. பெருநிறுவனத்துக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு மட்டுமே.

ஆகவே தோழர்களே, கூலி உயர்வு, பணிப் பாதுகாப்பு ஆகிய கோரிக்கைகளோடு மூன்றைச் சேர்ப்போம். காப்பி ஆராய்ச்சி அரசின் பொறுப்பில் வலுப்பெற வேண்டும். புதிய வகைகளின் நாற்று சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகும் விலையில் கிடைக்க வேண்டும். 2006-இன் வன உரிமைச் சட்டப்படி காட்டைக் காக்கும் அதிகாரம் பழங்குடி மக்களின் கிராம சபைக்குச் சேர வேண்டும். காட்டில் நிற்கும் அந்தச் சிறு மரம் உழைப்பாளி மக்களின் பொதுச் சொத்து. அதைத் தனியார் பெட்டகத்துக்குப் போகவிடாமல் காப்பது நமது கடமை.