நாய்க்கு வெங்காயம் போடலாமா?



யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில், சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் விளைகிற சின்ன வெங்காயம் இல்லாமல் நம்ம லயத்தில் சம்பல் ஏது? ரொட்டிக்கு அதுதான் ருசி. மீந்ததை, மரக்கறிப் பாத்திக்குப் பன்றி வராமல் ராவெல்லாம் குரைக்கிற நம்ம நாய்க்குப் போட்டுடுறோம். அங்கேதான் ஆபத்து.

வெங்காயத்தில் உள்ள கந்தகப் பொருள் நாயின் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கிறது. பச்சையாக இருந்தாலும், வதக்கினாலும், கறியில் வெந்தாலும் அந்த நஞ்சு போகாது. வெள்ளைப்பூண்டும் அப்படித்தான். 10 கிலோ நாய்க்கு 50 கிராம், அதாவது பாதி பம்பாய் வெங்காயம், ஒரே தடவையில் போனாலே கெடுதல் வரலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாலும் கெடுதல்தான்.

இதில் மோசம் என்னவென்றால், அன்றைக்கே தெரியாது. சில நாள் கழித்துத்தான் நாய் சோரும், மூச்சு வாங்கும், ஈறு வெளுக்கும், மூத்திரம் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போகும். யாரோ மருந்து வைச்சிட்டாங்க என்று பக்கத்துக் காம்பராவோடு சண்டைக்குப் போயிடாதீங்க. மிருக வைத்தியரிடம் கொண்டு போய், என்ன தின்றது என்பதைச் சொல்லுங்க.

சோறு போடுறதா இருந்தால், கறி ஊற்றும் முன்னமே நாய்க்கு ஒரு பிடி எடுத்து வைச்சிடுங்க. உப்பு, தூள் போடாமல் அவித்த கரட்டும் பூசணியும் கொடுக்கலாம்.