கடனை அடைத்தவர் யார்?

சினிமாவில் நாயகன் கைகளை விரித்தபடி விழுந்து செத்தால் போதும், அதில் சிலுவையைப் பார்த்துவிடுகிறோம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரு கதையில் கிறிஸ்தவ மீட்பின் சாயல் உண்டா என்று பார்க்க நான் கேட்பது ஒன்றுதான்: ஒருவன் பட்ட கடனை அடைத்தவர் யார்?

இந்தக் கேள்வியோடு விக்டர் ஹியூகோவின் 'லே மிசரபிள்' நாவலைப் பார்ப்போம். அது 1862-இல் வெளிவந்தது. இரண்டே வருஷத்தில் கத்தோலிக்கத் திருச்சபை அதைத் தடைசெய்த நூல்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. வேடிக்கைதான். ஏனென்றால், அந்தக் கதையைத் தாங்குவதே ஓர் ஆயர்.

ரொட்டி திருடியதற்கு 5 வருஷம், தப்பியோட முயன்றதற்கெல்லாம் சேர்த்து மொத்தம் 19 வருஷம் தண்டனை அனுபவித்துவிட்டு வருகிறான் ஜான் வால்ஜான். சத்திரக்காரர்கள் விரட்டுகிறார்கள். ஆயர் மிரியேல் மட்டும் சாப்பாடு போட்டு, படுக்கவும் இடம் தருகிறார். விடிவதற்குள் அவன் அவருடைய வெள்ளிச் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிடுகிறான். போலீஸார் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினால், ஆயரோ அதெல்லாம் நான் கொடுத்ததுதான் என்கிறார். கூடவே மிச்சமிருந்த இரண்டு வெள்ளி மெழுகுவத்தித் தண்டுகளையும் எடுத்து நீட்டுகிறார்.

வால்ஜான் உடனே திருந்திவிட்டானா? இல்லை. வழியில் ழெர்வே என்ற சிறுவனின் காசு உருண்டுவர, அதைக் காலால் மிதித்துக்கொண்டு பையனை விரட்டுகிறான். அவன் அழுதுகொண்டே ஓடிப்போன பிறகுதான் வால்ஜானுக்கு நெஞ்சு வெடிக்கிறது. 19 வருஷத்தில் முதல்முறையாக அழுகிறான். இந்த நாவலை வைத்து 2012-இல் வந்த இசைப்படத்தில் இந்தக் காட்சி இல்லை. பெரிய நஷ்டம் என்பேன். மன்னிப்பு முந்திக்கொண்டு வந்துவிட்டது, மனம் பின்னால்தான் திரும்பியது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கம், வால்ஜானைத் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவேர். 1950-இல் இந்த நாவல் தமிழில் 'ஏழை படும் பாடு' என்ற படமாக வந்தபோது அந்த வேடத்தில் நடித்த சீதாராமன், கடைசிவரை 'ஜாவர்' சீதாராமனாகவே அறியப்பட்டார். ஜாவேர் கெட்டவன் அல்ல. கையூட்டு வாங்காதவன், கடமை தவறாதவன். பின்னர் ஒரு கிளர்ச்சியில் புரட்சிக்காரர்களிடம் அகப்பட்ட அவனைக் கொல்லும் வாய்ப்பு வால்ஜானுக்குக் கிடைக்கிறது. வால்ஜானோ அவிழ்த்துவிட்டு, போ என்கிறான். குற்றத்துக்குத் தண்டனை, உழைப்புக்குக் கூலி என்றே கணக்குப் பார்த்துப் பழகியவனுக்கு இந்த வரவை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று தெரியவில்லை. பதிலுக்கு வால்ஜானைத் தப்பவிடுகிறான். அப்போதும் கணக்கு நேராகவில்லை. சேன் நதியில் குதித்துவிடுகிறான்.